ஒன்பதாம் நம்பர் அறை

"நடுவுல எதுவும் கேட்காம இருந்தா ஒண்ணு சொல்றேன்," என்றாள் பெரியம்மா.

"நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?" என்றாள் அவள்.

"அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். உங்க அம்மாகிட்ட சொன்னா, இந்தத் துணி காயறதுக்குள்ள தெருமுனைக்குப் போயிடும்."

மொட்டை மாடியில் இருவரும் ஒரு பெரிய போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படி நடந்து வந்து முகத்துக்கு முகம் நின்றபோது பெரியம்மா சொன்னாள்.

"அந்தக் கடற்கரை ஊருக்கு நான் போனதே இல்லைடி."

அவள் முனைகளை வாங்கிக்கொண்டாள். கீழே தொங்கிய மடிப்பைப் பெரியம்மா குனிந்து எடுத்தாள்.

"ட்ரெயினிங்குக்குப் போனீங்களே," என்றாள் அவள்.

"கேட்க மாட்டேன்னு சொன்னே."

"கேட்கலை. ஞாபகப்படுத்தினேன்."

பெரியம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ட்ரெயினிங் அங்கதான்னு முதல்ல சொன்னாங்க. நானும் ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுட்டேன். உங்க அம்மா சிப்பி வாங்கிட்டு வான்னா. கிளம்புறதுக்கு முதல் நாள் இடத்தை மாத்திட்டாங்க. ஆறு மணி நேரம் இந்தப் பக்கமே ஒரு ஊரு. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ஒரு ஹால். பத்து நாள் டிக்கெட் போடற மெஷின் முன்னாடி உட்கார வச்சாங்க. கடல் என்ன கடல், ஒரு குட்டைகூட இல்லை. திரும்பி வந்து வாசல்ல கால் வைக்கிறேன், உங்க அம்மா 'கடல் எப்படிக்கா இருந்துச்சு'ங்கிறா. நல்லா இருந்துச்சுன்னுட்டேன்."

"ஷோகேஸ்ல சிப்பிப் பெட்டி இருக்கு," என்றாள் அவள்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கினது."

அடுத்த போர்வையை அவள் கொடியிலிருந்து உருவினாள். அதையும் மடித்து முடித்தார்கள். பிறகு பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த ஒரு நீளமான கவரை எடுத்துக் காட்டினாள். இருபத்திரண்டு வருட வேலைக்கு முதலாளி கொடுத்த பிரிவுப் பரிசு. அந்தக் கடற்கரை ஊரில், பெரியம்மா எல்லாரையும் அனுப்பிவைக்கும் ஓட்டலில், நான்கு நாள். இருவருக்கு.

"உங்களுக்குப் பிடிச்ச ஊருன்னு சொல்லிக் கொடுக்கிறார். எல்லாரும் கை தட்டுறாங்க. நான் என்ன பண்ணுவேன்? கண்ணைத் தொடச்சுக்கிட்டேன். ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சுட்டாங்க."

"வேண்டாம்னு சொல்லிடலாமே."

"என்ன காரணம் சொல்றது? நீ கூட வா. அங்க நான் எல்லாம் தெரிஞ்சவ மாதிரி நடந்துக்கணும். எங்கயாவது தடுமாறினா நீ பேச்சை மாத்து."

"எனக்குப் பேசவே வராது. நான் எங்கே பேச்சை மாத்தறது?"

பெரியம்மா யோசித்தாள். "அப்ப இருமு," என்றாள்.

பெரியம்மா வேலை பார்த்த பயண ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணாடிகள் தெரிவதில்லை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் இருந்த நீண்ட மேசையும், அதற்குப் பின்னால் வெயிலில் வெளுத்துப்போன கடல் படமும்தான் தெரிகின்றன. படத்தில் நீலமெல்லாம் எப்போதோ போய், கடல் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதன் முன்னால் பெரியம்மா முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பேருந்து நேரங்கள். ஒரு டப்பாவில் ரப்பர் ஸ்டாம்புகள். ஆள் இல்லாதபோது பெரியம்மா அவற்றை ஊசியால் குத்திக் குத்தி மை அடைப்பு எடுத்துக்கொண்டிருப்பாள்.

பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை குடும்பத்தோடு, மாடிப்படிக்கு அடுத்த அறையில் இருந்தாள். தெருவில் பெயர் 'டூர் அக்கா'. எந்த ஊருக்குப் போகிறவர்களும் முதலில் டூர் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். அதிலும் அந்தக் கடற்கரை ஊர் என்றால் பெரியம்மா சொல்வதுதான் சட்டம். எந்தப் படிக்கட்டில் பாசி வழுக்கும், எந்தக் கடையில் மீனைச் சரியாகப் பொரிக்க மாட்டான், பேருந்தில் எந்த ஜன்னல் மூடாது, எல்லாம் விரல் நுனியில். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். நேரில் பார்க்காமல் ஒருத்தி இப்படிச் சொல்ல முடியுமா?

முடிந்ததற்குக் காரணம் பெரியம்மாவின் காதுகள். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் ஏதாவது குறை இருந்தால் நேராக ஆபீஸுக்கு வருவார்கள். பெரியம்மா ஒருவரையும் தட்டிக்கழிக்க மாட்டாள். நாற்காலி போடுவாள், தண்ணீர் கொடுப்பாள், கடைசிவரை கேட்பாள். பிறகு அவர்கள் போனதும் மேசை இழுப்பறையிலிருந்து அந்த ஓட்டலின் விளம்பரத் தாளை எடுப்பாள். அதன் பின்பக்கத்தில் பதினெட்டு அறைகளும் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சிடப்பட்டிருக்கும். குழாய் சொட்டிய அறைக்கு ஒரு பென்சில் புள்ளி. காக்கை புகுந்து ரொட்டியைத் தூக்கிய அறைக்கு ஒரு புள்ளி. பக்கத்து அறைக் குறட்டை கேட்ட அறைக்கு இரண்டு. ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன குறை என்று ஒரு வார்த்தை.

வருடங்கள் போகப் போக அந்தத் தாள் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. கீழ்த்தளத்தில், கடலுக்கு மிக அருகில், மூலையில் இருந்த ஒன்பதாம் நம்பர். ஒருவர்கூட, ஒரு தடவைகூட, ஒன்பதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

அதனால் தனக்கு மிகவும் பிடித்தவர்களுக்கு மட்டும், புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு, நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு, பெரியம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: "போன உடனே ஒன்பதாம் நம்பர் கேளுங்க. போன்ல கேட்டா தர மாட்டாங்க, நேர்லதான். நான் போனப்போ அதுலதான் இருந்தேன்."

போனவர்கள் திரும்பி வந்து, "கேட்டோம் மேடம், ஆள் இருக்காங்கன்னுட்டாங்க," என்பார்கள்.

"எப்படிக் காலியா இருக்கும்?" என்று பெரியம்மா பெருமையோடு சொல்வாள். ஊரே அடித்துக்கொள்ளும் அறையல்லவா?

இதெல்லாம் தெரிந்தபின் அவளுக்குப் பெரியம்மாவின் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்த ஊர் தெரிந்தவள் என்ற ஒரு பெயரைத் தவிரப் பெரியம்மா இத்தனை வருடத்தில் வேறு எதையும் சேர்த்துவைக்கவில்லை. அது இந்த நான்கு நாளில் போய்விட்டால், மாடிப்படிக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு மீதி வருடங்களை என்ன செய்வாள்?

பெரியம்மா பெட்டி கட்டுவதை அறை வாசலில் நின்று அம்மா பார்த்தாள். மர ஆப்பு, கதவு சரியாகச் சாத்தாத அறைக்கு. நைலான் கயிறும் கிளிப்பும், கொடி இல்லாத அறைக்கு. காதுக்குப் பஞ்சு. ஒரு பல்பு. குழாயில் கட்ட நூல். கடைசியாக, ஜன்னல் கொக்கி இறுகியிருந்தால் தட்ட ஒரு சின்னச் சுத்தியல்.

"ஏன்க்கா, கடல் பார்க்கப் போறியா, அங்க போய் வீடு கட்டப் போறியா?"

"முன் ஜாக்கிரதை."

"உனக்குத் தெரியாத ஊரா? ஏற்கெனவே போய்ட்டு வந்தவளுக்கு என்ன ஜாக்கிரதை?"

அவள் இருமினாள்.

"இவ ஏன் இப்பவே இருமுறா? அந்த ஈரக் காத்துல போய் என்ன ஆகப் போறாளோ," என்று அம்மா ஒரு பாட்டில் கஷாயத்தையும் பெட்டியில் திணித்துவிட்டுப் போனாள்.

பகல் பேருந்தில் போனார்கள். பெரியம்மா சொன்ன ஜன்னல் சொன்னபடியே மூடவில்லை. அவர்கள் அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் தாண்டியதும் காற்று மாறியது. முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. சாலையோரம் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அவள் ஓரக்கண்ணால் பார்த்தபோது பெரியம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தார்கள். டாக்சிக்காரர் நல்ல பேச்சுக்காரர்.

"முதல் தடவையாம்மா?"

"சேச்சே. பழக்கமான ஊருதான்," என்றாள் பெரியம்மா. "நீங்க இந்த மார்க்கெட் ரோட்டுல போகாதீங்க. அங்க பெரிய பள்ளம் இருக்கு. சுத்திக்கிட்டு போங்க."

டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "அந்தப் பள்ளத்தை மூடி எட்டு வருஷம் ஆச்சேம்மா. அதுக்கு மேல இப்ப ரவுண்டானா இருக்கு. நீங்க வந்து ரொம்ப நாளாச்சு போல."

அவள் இருமினாள்.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று டாக்சிக்காரர் ஜன்னலை ஏற்றினார். கடல் முதன்முதலாகத் தெரிந்த அந்தத் திருப்பத்தை அதனால் இருவரும் அழுக்குக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள்.

ஓட்டல் வெள்ளையடித்த இரண்டு மாடிக் கட்டடம். முன்னால் நீள வராந்தா, பிரம்பு நாற்காலிகள். வரவேற்பு மேசையில் இருந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, மேசை முழுவதும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பெரியம்மாவின் தோள்கள் தளர்ந்தன. பத்துப் பேராவது அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"நெத்தியில இருக்கு," என்றாள் பெரியம்மா, நெடுநாள் பழகியவள் போல.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல். "மேடம்! நீங்களா!"

அவர்கள் ஊரில் தபால் ஆபீஸில் ஸ்டாம்பு விற்பவர். பக்கத்தில் அவர் மனைவி, ஈரத் துண்டும் கையுமாக. பாதி ஊர் அவர் ஜன்னல் முன்னால்தான் வரிசையில் நிற்கும். மீதி ஊருக்கு வரிசையில் நின்றவர்கள் போய்ச் சொல்வார்கள்.

"நாங்க முந்தா நாளே வந்துட்டோம். வழக்கம்போல ஒன்பது இல்லைன்னுட்டார். இப்பத்தானே தெரியுது, உங்களுக்காக எடுத்து வச்சிருக்கார்!" என்று தபால் ஆபீஸ்காரர் சிரித்தார்.

வரவேற்பாளர் கண்ணாடியைக் கீழே இறக்கி, மேசையில் இருந்த கடிதத்தை எடுத்தார். அதை ஒரு முறை பார்த்தார். பெரியம்மாவை ஒரு முறை பார்த்தார்.

"அப்போ நீங்கதானா அது?" என்றார்.

"எது?"

"இத்தனை வருஷமா உங்க ஊர்க்காரங்க மட்டும் வந்து ஒன்பது, ஒன்பதுன்னு கேட்கிறாங்க. வேற எந்த ஊர்க்காரங்களும் கேட்கிறதில்லை. கேட்டா 'எங்க மேடம் சொன்னாங்க'ங்கிறாங்க. இப்ப உங்க முதலாளி எழுதியிருக்கார், 'மேடம் முன்பு தங்கிய ஒன்பதாம் அறையையே தரவும்'னு. எப்ப தங்கினீங்க மேடம்?"

அவள் இருமினாள். வராந்தாவில் காக்கை பறக்கும் அளவுக்கு இருமினாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ரொம்ப வருஷம் முன்னாடி," என்றாள் பெரியம்மா.

"எவ்வளவு முன்னாடி? கட்டடம் கட்டியே முப்பது வருஷம்தான் ஆச்சு." அவர் சாவிக் கொத்தை எடுத்தார். கேலி செய்யும் ஆள் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் நடந்தார். நால்வரும் பின்னால் போனார்கள். வராந்தாவின் கடைசியில் மூலைக் கதவு. மேலே பித்தளையில் ஒன்பது. திறந்தார்.

கூரை வரைக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். கால் போன நாற்காலிகள். ஒரு துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, மூன்று துடைப்பம், பெயிண்ட் டப்பாக்கள். ஜன்னலே இல்லை.

"ஆரம்பத்துல இருந்தே ஸ்டோர் ரூம்தான் மேடம். கடல் உப்பு நேரா அடிக்கிற மூலை, ஆள் இருக்க முடியாது. முதல்ல எல்லாம் உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். 'எங்க மேடமே தங்கியிருக்காங்க'ன்னு சண்டைக்கு வந்தாங்க. ஆள் இருக்குன்னா பேசாம போயிடறாங்க. அதையே வச்சுக்கிட்டேன்."

பெரியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. குறை வராததற்குக் காரணம் அங்கே அடுக்கி வைத்திருந்தது. அந்த அறையில் ஒருவரும் ஒரு நாளும் படுத்ததே இல்லை.

"அப்ப நீங்க இங்க வந்ததே இல்லையா மேடம்?" என்றார் தபால் ஆபீஸ்காரர். சிரிப்பு முழுவதும் போயிருந்தது.

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "இல்லை," என்றாள். ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர்களுக்கு ஏழாம் நம்பர் கிடைத்தது. மூன்று புள்ளி அறை. சொட்டும் குழாய், இறுகிய கொக்கி, காக்கை. மூன்றும் இருந்தன. பெரியம்மா எதையும் சரி செய்யவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நூறு அடியில் கடல். அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குக் காலைப் பஸ்ஸுல போயிடலாம்."

அவள் சுத்தியலை எடுத்துக் கொக்கியைத் தட்டினாள். ஜன்னல் திறந்துகொண்டது. காற்று உள்ளே வந்து பெரியம்மாவின் நரைமுடியைக் கலைத்தது. அதற்கும் பெரியம்மா திரும்பவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தபால் ஆபீஸ்காரரின் மனைவி.

"எங்க வீட்டுக்காரர் உர்ருன்னு உட்கார்ந்திருக்கார். 'இத்தனை வருஷமா நம்மளை ஏமாத்திட்டாங்க'ன்னு ஒரே பாட்டு. காதுல ரத்தம் வராத குறை. அதான் எழுந்து வந்துட்டேன். கடலுக்குப் போகலாம், வாங்க மேடம்."

"உங்களை எல்லாம் அனுப்பி வச்சேனே," என்றாள் பெரியம்மா. "ஒண்ணும் தெரியாமலேயே அனுப்பி வச்சேனே."

"அனுப்பினதாலதானே வந்தோம்? முதல் தடவை வந்தப்போ பத்தாம் நம்பர் கொடுத்தார். அவ்வளவு நல்லா இருந்துச்சு. அப்புறம் நாங்களே கடிதம் போட்டு நாலு தடவை வந்தாச்சு. எப்பவும் அதே பத்துதான்."

பெரியம்மா முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள். "பத்துல ரெண்டு புள்ளி இருக்கு. நல்லா இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை ஆபீஸ்ல வந்து சொல்லலையே?"

"நல்லா இருந்தா எதுக்கு மேடம் ஆபீஸுக்கு வர்றது?" என்றாள் அந்த அம்மாள், இது என்ன கேள்வி என்பது போல.

பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

அன்று தண்ணீரில் பெரியம்மா கணுக்கால் அளவுதான் இறங்கினாள். பாசிப் படிக்கட்டைத் தவிர்த்து, கண்ணாடிச் சில்லு கிடக்கும் இடத்தைத் தவிர்த்து, இரண்டு கையாலும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலை வந்தது. அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். அது திரும்பிப் போகும்போதுதான் அலறினாள்.

"என்னடி இது! காலுக்கடியில மண்ணை உருவுது!"

"அப்படித்தான் உருவும் மேடம்," என்றாள் அந்த அம்மாள்.

"ஒருத்தரும் சொல்லலையே!"

அடுத்த அலைக்கும் அங்கேயே நின்றாள். அதற்கடுத்ததற்கும். குதிகால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். போகலாமா என்று அவளும் கேட்கவில்லை.

காலைப் பேருந்து அவர்கள் இல்லாமல் போனது.

அந்த நான்கு நாட்களைத்தான் அவள் இப்போதும் நினைத்துக்கொள்கிறாள். காலையில் தண்ணீர் பின்வாங்கிய மணலில் வானம் முழுவதும் விழுந்து கிடக்கும். அதை மிதிக்க மனமில்லாமல் பெரியம்மா ஓரமாகவே நடப்பாள். பதினோரு மணிக்கு வராந்தாவில் பிரம்பு நாற்காலி. மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றும். தென்னை நிழல் தரையில் முன்னும் பின்னும் போகும். வாழ்க்கையில் பகலில் கண் மூடாத பெரியம்மா, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குவாள். மடியில் ரொட்டித் தட்டு. காக்கை வந்து எடுத்துக்கொண்டு போகும். எழுந்ததும் காலித் தட்டைப் பார்த்து, "நான் சொன்னேன் பார்," என்பாள் திருப்தியாக.

இரண்டாம் நாள் அப்படித் தூங்கும்போது கைப்பையிலிருந்து அந்த விளம்பரத் தாள் நழுவிக் கீழே விழுந்தது. அந்தப் பக்கம் வந்த வரவேற்பாளர் எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வெகு நேரம் பார்த்தார்.

"இது என்னம்மா?" என்று மெல்ல அவளிடம் கேட்டார்.

வேறு வழியில்லாமல் அவள் பேச வேண்டியதாயிற்று. புள்ளி என்றால் என்ன, ஓரத்தில் எழுதியிருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"நாலாம் நம்பர்ல கதவு இடிக்குதுன்னு ஆறு பேரா? எங்ககிட்ட ஒருத்தர்கூட வாயைத் திறந்ததில்லையே! கிளம்பும்போது எல்லாரும் 'பிரமாதம், பிரமாதம்'னுட்டுத்தானே போறாங்க!"

பெரியம்மா கண்ணைத் திறந்திருந்தாள். "எங்கிட்ட வந்து கொட்டிட்டாங்கல்ல. உங்ககிட்ட சொல்றதுக்கு மிச்சம் இல்லாம போயிருக்கும்," என்றாள்.

மூன்றாம் நாள் முழுவதும் பெரியம்மாவும் வரவேற்பாளரும் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார்கள். "இங்க இல்லை, அந்தக் கீல். மேல் கீல்," என்று பெரியம்மாவின் குரல் நாலாம் நம்பரிலிருந்து கேட்டது. தான் பார்த்தே இராத கதவின் எந்தக் கீல் இறங்கியிருக்கிறது என்று அந்தக் குரல் சொன்னது. அது சரியாகவும் இருந்தது. நாலாம் நம்பர் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டபோது தச்சர், "நீங்க எத்தனை வருஷமாம்மா இங்க வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். பெரியம்மா கதவை ஒரு முறை திறந்து சாத்திப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்து, "இருபத்திரண்டு," என்றாள். வரவேற்பாளர் அதை மறுக்கவில்லை.

வராந்தாவில் தபால் ஆபீஸ்காரர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்பும்போது, பெரியம்மாவிடம் வந்து நின்றார்.

"எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை மேடம். நான் ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார்.

அவர் மனைவி அவருக்குப் பின்னால் நின்று, சொல்வார் என்று தலையை ஆட்டினாள்.

அவர்கள் டாக்சி தென்னைகளைத் தாண்டி மறையும்வரை பெரியம்மா கையசைத்தாள். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அவர்களுடைய பேருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இந்த முறை முழங்கால் வரை இறங்கினார்கள். புடவையைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

"அவர் சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்துடுவார்," என்றாள் பெரியம்மா.

"ம்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஜன்னலைத் திறப்பார். பதினோரு மணிக்கு உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

"ம்."

"அதுக்கு முன்னாடி நம்ம வாயாலதான் அவளுக்குத் தெரியணும். வெளியில இருந்து வந்தா அவ தாங்க மாட்டா. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு..." அலை ஒன்று வந்து இருவரையும் பின்னால் தள்ளிவிட்டுப் போனது. பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே சொல்லணும்?" என்றாள் அவள். வாழ்நாளில் பெரியம்மாவை அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"நான் ஆரம்பிச்சேன்னா, ஒரு சின்னப் பொய்யாவது கலந்துடும்டி. பழக்கமாயிடுச்சு. நீ சொல்லு. உனக்குப் பேச வராதுன்னு தெரியும், இருந்தாலும் நீதான் சொல்லணும். நான் என் ரூம்ல இருந்து கேட்டுக்கறேன். ஆனா எடுத்த எடுப்புல அதைச் சொல்லிடாதே. முதல்ல இந்தக் கடல் எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. மண்ணு உருவுறதைச் சொல்லு, காலையில மணல்ல வானம் தெரியறதைச் சொல்லு. அவ டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அதையே சொல்லு. அப்புறம், நான் இதுக்கு முன்னாடி இங்க வந்ததில்லைன்னு சொல்லு."